பதிவு முகவரியும் பணியிடமும்

மாவட்டத் தொழில் மையங்களிலும் திட்ட அலுவலகங்களிலும் பணிபுரியும் நம் வாசகர்கள் பலர், கம்பெனிப் பதிவேடுகளைக் கொண்டு புதிதாய் எழும் தொழில்துறைகளை வரைபடமாக்கும் முறையில் அண்மைக்காலமாகக் காட்டிவரும் ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆயினும் அம்முறையைத் தென்காசி மாவட்டத்தின் கரிசற் பகுதியான திருவேங்கடம் வட்டத்தில் பிரயோகிக்க முற்படும்போது, பதிவேடு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்ற விசாரணையை முதலில் முடித்துக்கொள்ளாவிடில், வரைபடம் எத்துணை நேர்த்தியாக அமைந்தாலும் அது வேறோர் ஊரின் வரைபடமாகவே முடியும் என்பது எமது திடமான அபிப்பிராயம்.

கம்பெனிச் சட்டப்படி பதிவான ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 21 இடங்கள் கொண்ட அடையாள எண் ஒன்று உண்டு. அதனுள் ஐந்து இலக்கத் தொழிற்குறியீடும், மாநிலத்தின் இரண்டெழுத்தும், பதிவான ஆண்டும் அடங்கியிருப்பதால், ஆராய்பவருக்கு அது பெரும் வசதியாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அக்குறியீடு, ஸ்தாபனம் பிறக்கும்போது அதன் உடைமையாளர் எதைச் செய்ய உத்தேசித்தார் என்பதைச் சொல்லுமேயன்றி, பத்தாண்டுக்குப் பின் அது எதைச் செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. முகவரியோ, பதிவு அலுவலகம் உள்ள இடமேயன்றி வேலை நடக்கும் இடம் அன்று.

தென்காசியை அறிந்தோர்க்கு இதன் விளைவு உடனே புலப்படும். சோஹோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டிலேயே தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கி, கிராமப்புறத்து இளைஞர்களை மென்பொருள் வேலையில் அமர்த்தி வருகிறது. எனினும் அதன் தலைமையிடம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால், தலைமை முகவரியை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வரையப்படும் படத்தில் அவ்வேலை முழுவதும் அங்கேயே போய்ச் சேரும். காற்றாலைகளின் நிலை இதனினும் விசித்திரமானது. செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் தென்மேற்குக் காற்றை நம்பி நிறுவப்பட்ட அந்த ஆலைகளுள் பல, முதலாண்டிலேயே பெருமளவு தேய்மானம் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அளித்த சலுகையாலும், சொந்த ஆலைக்கு மின்சாரம் வேண்டியிருந்த காரணத்தாலும், கொங்கு நாட்டு நூற்பாலைகளும் பிற வெளியூர் நிறுவனங்களும் வாங்கி நிறுத்தியவை. ஆகவே பதிவேட்டின்படி அவை கோயம்புத்தூரின் பஞ்சாலைத் தொழில். மின்வாரியத்தின் ஏட்டிலோ ஒவ்வொரு காற்றாலைக்கும் தனி உயர் மின்னழுத்த இணைப்பு எண் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு சென்றால், எந்தக் கிராமத்தில் எத்தனை உள்ளன, எவை முதுமையடைந்து மாற்றப்பட வேண்டியவை என்பதெல்லாம் தெளிவாகும். 2024-ல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டிருக்கும் இச்சமயத்தில், அவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளும் பட்டறைகளும் எங்கே உள்ளன என்பதை அறிவது அபிவிருத்திக்கு முதற்படியாகும்; இவ்வேலைக்குப் பதிவேட்டில் தனிப்பெயர் தேடுவது வீண்.

இனித் தீப்பெட்டி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்து சிவகாசியில் ஊன்றிய தொழில், கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் என்று வானம் பார்த்த பூமியெங்கும் பரவி, மழை பொய்த்த ஆண்டுகளிலும் குடும்பங்களைக் காப்பாற்றியது. இங்கே தீப்பெட்டி ஆபீஸ்கள் என்று வழங்கும் தொழிற்கூடங்கள் பெரும்பாலும் தனியொருவர் உடைமையாகவோ கூட்டுப் பங்காகவோ நடப்பவை. கம்பெனிப் பதிவேட்டில் அவற்றுக்கு இடமே இல்லை. இருக்கும் சிலவும், 2008-ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் பட்டாசு, பசை, வாசனைத் தைலம் ஆகியவற்றோடு ‘பிற ரசாயனப் பொருள்கள்’ என்னும் 2029-ஆம் பிரிவில், நான்கு இலக்க அளவில் பார்த்தால், ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. கைவேலையிலிருந்து பகுதி இயந்திரத்துக்கு மாறியதே இத்தொழிலின் சமீபகால சரித்திரத்தில் முக்கியமான சம்பவம். கைத் தீப்பெட்டிக்கு 5 விழுக்காடும் ஏனையவற்றுக்கு 18 விழுக்காடும் என்றிருந்த சரக்கு, சேவை வரி 2020 ஏப்ரலில் 12 விழுக்காடாக ஒன்றாக்கப்பட்டபோது, அம்மாறுதலை அளந்து காட்டியிருக்கக்கூடிய அந்த வேற்றுமையும் வரிக்கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. வரியை ஒன்றாக்கியது தவறு என்பது எம் வாதமன்று. ஒரு பதிவேட்டை மட்டும் நம்பியிருப்பவன் அது மாறும்போது கண்ணிழந்தவனாகிறான் என்பதே.

பிரிட்டனில் மேக்ஸ் நேதன், அன்னா ரோஸோ என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், கம்பெனிகளின் இணையதள வாசகங்களையும் பிற தடயங்களையும் கொண்டு கணக்கிட்டபோது, அதிகாரபூர்வக் குறியீடுகளின்படி சுமார் 1,87,000 என்றிருந்த டிஜிட்டல் துறைக் கம்பெனிகள் சுமார் 2,70,000 என்று தெரியவந்தன. அந்த யுக்தியை இங்கே அப்படியே நடவு செய்ய இயலாது. தீப்பெட்டி ஆபீஸுக்கு இணையதளம் ஏது? ஆனால் அதற்கு லேபிள் உண்டு. வணிகக் குறிப் பதிவேட்டில் தீப்பெட்டி 34-ஆம் வகுப்பைச் சேர்ந்தது. விண்ணப்பித்தவரின் முகவரியும் தேதியும் அங்கே பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன. எந்த ஆண்டில் எந்த ஊரில் புதிய லேபிள்கள் தோன்றின என்று அவ்வேட்டை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், இணையதளத்தைப் படித்து அங்கே அறிந்ததற்கு ஈடான செய்தியை இங்கே அறியலாம் என்று நம்புகிறோம். இம்முயற்சியை மேற்கொள்ளுமாறு இளைய ஆராய்ச்சியாளர்களை மனமார வேண்டுகிறோம்.

ஏட்டின் குறையைக் கால்நடையாகச் சென்று தீர்த்த முன்னோடிகளும் நமக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்வித்து 1918-ல் நூலாக்கிய கிராமங்களுள் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும் ஒன்று. பிற்காலத்தவர் அங்கே மீண்டும் சென்று ஆராயவும் அது வழிவகுத்தது. இன்று அதே கங்கைகொண்டானில் டாட்டா குழுமத்தின் 4.3 கிகாவாட் சூரியமின் தகட்டு ஆலை நிற்கிறது. அந்த ஆலை சுற்று வட்டாரத்தில் என்னென்ன புதிய தொழில்களைக் கிளைக்கச் செய்கிறது என்பதை அறியவும், அதேபோல் வீடுவீடாய்ச் சென்றாக வேண்டும்.

ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-ல் நடந்தது. தென்காசி மாவட்டம் பிறந்ததோ 2019 நவம்பரில். ஏழாவதன் முடிவுகள் வெளிவராமையால், இம்மாவட்டத்துக்கென்று சொந்தமான தொழிலகக் கணக்கு ஒன்று இல்லை. ஆகவே திருவேங்கடம் வட்டத்தை முதற்களமாகக் கொண்டு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, தொழிற்சாலை உரிமம், மின் இணைப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகிய நான்கு ஏடுகளையும் கிராமவாரியாக இணைத்து, சரக்கு, சேவை வரித் துறையிடமிருந்து தனிப்பெயர் எதுவும் வெளிப்படாத வகையில் 3605 என்னும் தீப்பெட்டிச் சரக்குக் குறியீட்டுக்குரிய மொத்தத் தொகையையும் கூடுதல் பணியிடங்களின் எண்ணிக்கையையும் மட்டும் கேட்டுப் பெற்று, அவ்வாறு கிடைக்கும் பட்டியலைக் கையில் கொண்டு தெருத்தெருவாய்ச் சரிபார்க்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். கம்பெனிப் பதிவேடு இப்பட்டியலில் ஐந்தாவதாகச் சேரட்டும். இம்முறையில் ஒரு கிராமத்தையேனும் முடித்தவர்கள், எந்த ஏட்டில் எத்தனை தொழிலகங்கள் விடுபட்டிருந்தன என்ற விவரத்தோடு எழுதி அனுப்பினால், அதை முழுமையாக வெளியிட இவ்விதழ் கடமைப்பட்டிருக்கிறது.