"பணம் வந்துடும் சார்!" எப்போ வரும்? கடைக்கும் பேங்குக்கும் நடுவே தவிப்பு

சென்னை—

வாங்கிய மிக்சி ஓடவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்தாச்சு. "பணம் அக்கவுண்டுக்கு வந்துடும் சார்" என்றார் கேஷியர். பத்து நாள் ஆகியும் வரவில்லை. கடையில் கேட்டால், "நாங்க அனுப்பிட்டோம், பேங்க்ல கேளுங்க" என்கிறார்கள். பேங்கில் கேட்டால், "எங்களுக்கு வரலையே, கடையில கேளுங்க" என்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் நடுவில் நின்று திண்டாடுகிறார்.

நகரில் பலருக்கும் பழகிப்போன கூத்து இது.

பணம் எங்கே?

ரொக்கம் என்றால் கல்லாவைத் திறந்து கொடுத்து விடலாம். கார்டில் தேய்த்த பணத்துக்கு அது நடக்காது. கடைக்காரர் 'ரீபண்ட்' போட வேண்டும். அது கடையின் பேங்குக்குப் போய், விசா, ரூபே போன்ற கார்டு நிறுவனம் வழியாக, வாங்கியவரின் பேங்குக்கு வர வேண்டும். இதற்குச் சில நாள் பிடிக்கும். ரீபண்ட் போடாமலே "போட்டாச்சு" என்று சொன்னால்? பணம் கிளம்பவே இல்லை!

தினம் ரூ.100

இன்னொரு வகை உண்டு. கடையில் யு.பி.ஐ.யில் கட்டும்போது அக்கவுண்டில் பணம் போய்விடும். கடைக்குத் தகவல் வராது. இதற்கு 2019-ல் ரிசர்வ் பேங்க் கெடு விதித்தது. 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு ரூ.100 நஷ்டஈடு. மனு எழுதிக் கேட்க வேண்டியதில்லை. கார்டு தேய்க்கும்போது இப்படி ஆனாலும் இதே கணக்குதான்.

ஆனால், பொருளைத் திருப்பிக் கொடுத்தவருக்கு இந்த 100 ரூபாய் கிடையாது. அவர் கட்டிய பணம் கடைக்கு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்து விட்டதே! இது தெரியாமல் பேங்கில் சண்டை போட்டுப் பலனில்லை.

நம்பரைக் கேளுங்க!

ரீபண்ட் போட்டால் ஒரு ரெபரன்ஸ் நம்பர் உண்டு. கார்டு என்றால் 23 இலக்கம், யு.பி.ஐ. என்றால் 12 இலக்கம். அதைக் கடையில் கேட்டு வாங்கிப் பேங்கில் காட்டினால், பணம் எங்கே நிற்கிறது என்று தேட முடியும். நம்பர் தராமல் நாள் கணக்கில் மழுப்பினால், கோளாறு எந்தப் பக்கம் என்று புரிந்து கொள்ளலாம்.

கடை இழுத்தடித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி நம்பரில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பேங்க் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். இரண்டுக்கும் காசு கிடையாது.

பில்லையும், பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகக் கடையில் எழுதித் தந்த சீட்டையும் பணம் வரும்வரை கிழித்துப் போட்டு விடக்கூடாது!