விலையுள்ள விளையாட்டும் விலையில்லா விளையாட்டும்



சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, நமக்கு நன்கு அறிமுகமான ஒரு தந்தை தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மகன் கல்லூரியில் முதலாண்டு பயில்பவன். தந்தையின் முகத்தில் கோபம். மகனின் முகத்தில் பிடிவாதம். "சாமி, இவனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள். கைப்பேசியில் ஆயிரம் விளையாட்டுகள் இலவசமாய்க் கிடைக்கின்றன. இவனோ சில நூறு ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டும் என்கிறான். அதுவும் என்ன விளையாட்டு? செத்த பிணங்கள் எழுந்து நடக்குமாம். அவற்றைச் சுட வேண்டுமாம்!" என்று பொரிந்தார்.

நாம் பையனை நோக்கி, "தம்பி, உனக்கு ஏன் இதன்மேல் இத்தனை ஆசை?" என்று கேட்டோம். அவன் சற்றுத் தயங்கி, "நண்பனின் கைப்பேசியில் ஆடிப் பார்த்தேன், ஃபாதர். ஒரு முறை காசு கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை" என்றான்.

இந்த மறுமொழி நம்மைச் சிந்திக்க வைத்தது. ஒரு வாரம் தவணை சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டு, அவ்விளையாட்டைக் குறித்து விசாரித்து அறிந்தோம். அந்த நண்பனின் கைப்பேசியை இரவல் பெற்று நாமே ஆடியும் பார்த்தோம். அறிந்தவற்றை இம்மாதம் உங்கள்முன் வைக்கிறோம்.

அவ்விளையாட்டின் பெயர் 'டெத் ரோடு டு கனடா'. ராக்கெட்கேட் கேம்ஸ், மேட்கார்டன் என்னும் இரு சிறு குழுவினர் சேர்ந்து ஆக்கியது. 2016-ஆம் ஆண்டில் கணிப்பொறிக்கும், 2017-இல் கைப்பேசிக்கும் வெளிவந்தது. கதை எளியது. அமெரிக்க நாடெங்கும் 'ஜாம்பி' எனப்படும் நடைப்பிணங்கள் நிறைந்துவிட்டன. தெற்கே ஃபுளோரிடாவில் தப்பிப் பிழைத்த சிலர், வடக்கே கனடாவுக்குப் போனால் உயிர் பிழைக்கலாம் என்று நம்பி ஒரு காரில் புறப்படுகின்றனர். ஏறத்தாழ இரண்டு வாரப் பயணம். வழியில் உணவு வேண்டும். காருக்குப் பெட்ரோல் வேண்டும். காயத்திற்கு மருந்து வேண்டும். இவற்றைத் தேடிப் பாழடைந்த வீடுகளிலும் கடைகளிலும் நுழைய வேண்டும். அங்கேதான் நடைப்பிணங்கள் காத்திருக்கும்.

துப்பாக்கி உண்டு, ஆனால் குண்டுகள் சொற்பம். கட்டையும் கோடரியும் உண்டு, ஆனால் தொடர்ந்து வீசினால் ஆள் களைத்துப்போவான், ஆயுதமும் உடைந்துபோகும். ஆகவே, கண்டதையெல்லாம் சுட்டு வீழ்த்த நினைப்பவன் விரைவில் மாள்வான். நாமும் முதல் ஆட்டத்தில் அப்படித்தான் மாண்டோம்! எதிர்ப்பட்ட நாலைந்து பேரை அடித்து வீழ்த்திய பெருமிதத்தில் நிற்கையில், பின்னால் வந்த கூட்டம் நம்மைச் சூழ்ந்துகொண்டது. பக்கத்தில் இருந்த பையனின் நண்பன் சிரித்துக்கொண்டே, "ஓடியிருக்க வேண்டும், ஃபாதர்" என்றான். எப்போது நிற்பது, எப்போது விலகுவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று கணிப்பதே இவ்வாட்டத்தின் உயிர் என்பதை அதன்பின்தான் உணர்ந்தோம்.

இத்தகைய ஆட்டங்களுக்கு ஒரு மரபு உண்டு. 1980-ஆம் ஆண்டளவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் பயின்ற மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்னும் இரு மாணவர் 'ரோக்' என்றொரு கணிப்பொறி விளையாட்டை உருவாக்கினர். அதில் படங்கள் இல்லை. வெறும் எழுத்துகளும் குறிகளுமே. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அரக்கன். பாதாளக் குகையின் அறைகளைக் கணிப்பொறியே ஒவ்வொரு முறையும் புதிதாய் அமைத்துத் தரும். வீரன் மடிந்தால் ஆட்டம் முடிந்தது. பாதியில் விட்ட இடத்திற்குத் திரும்ப வழியில்லை. முதலிலிருந்தே தொடங்க வேண்டும். இந்த இரு விதிகளையும் பின்பற்றும் விளையாட்டுகளை இன்றளவும் 'ரோக் வகை' என்றே அழைக்கின்றனர். நாம் சொன்ன கனடாப் பயணமும் அவ்வகையைச் சார்ந்ததே.

தோற்றால் எல்லாம் போய்விடும் என்னும் ஆட்டத்தை ஒருவன் ஏன் விரும்ப வேண்டும்? முதலாவது காரணம், அங்கே ஒவ்வொரு முடிவுக்கும் எடை இருக்கிறது. வழியில் அந்நியன் ஒருவன் வண்டியில் இடம் கேட்கிறான். ஏற்றிக்கொண்டால் துணை ஒன்று கூடும். உணவுக்கு வாய் ஒன்றும் கூடும். ஏற்றுவதா, விடுவதா? மீண்டும் பின்னுக்குச் சென்று திருத்த இயலாது என்பதால், ஆடுகிறவன் உண்மையாகவே யோசிக்கிறான். துணைவன் ஒருவன் இறந்தால் மற்றவர்களின் மனஉறுதியும் குன்றுகிறது. இரண்டாவது, ஒவ்வொரு பயணமும் புதியது. நேற்று வந்த ஊர் இன்று வராது. நேற்றுக் கிடைத்த தோழன் இன்று கிடைக்கமாட்டான். இன்று ஒரு நாயே கூட்டாளியாக வந்து சேரலாம். ஆகவே, ஒருமுறை வாங்கியது பன்முறைக்கு உதவுகிறது. மூன்றாவது, தோல்வியிலே ஒன்று மிஞ்சுகிறது. கையிலிருந்த பொருள்கள் போய்விடுகின்றன. கற்றுக்கொண்ட விவேகம் போவதில்லை. நம் மூன்றாவது பயணம் முதற்பயணத்தைவிட நெடுந்தொலைவு சென்றது என்றால், கூடியது நம் அறிவேயன்றிப் பணம் செலுத்தி வாங்கிய வலிமை அன்று.

"அதெல்லாம் சரி, பிணங்களைச் சுடுவது எதற்கு?" என்று தாய்மார் கேட்பது நம் செவியில் விழுகிறது. நியாயமான கேள்வி. 'ஜாம்பி' என்னும் கருத்து ஹெய்ட்டி நாட்டு மக்களின் நம்பிக்கையிலிருந்து வந்தது. மந்திரவாதி ஒருவன் செத்தவனை எழுப்பி, சித்தமற்ற அடிமையாக வேலை வாங்குவான் என்பது அந்நம்பிக்கை. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்ற மக்களின் சந்ததியாரிடையே வழங்கிய அச்சம் அது. 1968-இல் அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ குறைந்த செலவில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்னும் திரைப்படத்திற்குப் பிறகு, கூட்டமாய் வந்து மனிதரைத் தின்னும் உருவமாக அது மாறிற்று. எந்த நாட்டாரையும், எந்த இனத்தாரையும் பகைவராகக் காட்டாமல் சண்டையைச் சித்திரிக்க முடிவதால், விளையாட்டு அமைப்போர் இவ்வுருவத்தை விரும்புகின்றனர். எனினும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சிறு சிறு கட்டங்களால் ஆன கேலிச்சித்திரம் போன்ற படங்களே என்றாலும், இரத்தமும் முரட்டு நகைச்சுவையும் இதில் உண்டு. சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தக்கதன்று. கல்லூரி மாணவனின் நிலை வேறு.

இனி விலைக்கு வருவோம். இங்கேதான் நாம் பெற்றோருக்குச் சொல்லவேண்டிய செய்தி இருக்கிறது.

ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிக் கடை 2008-இல் திறக்கப்பட்டபோது, வழக்கம் எளிதாய் இருந்தது: விலையுள்ளதை வாங்கு, அல்லது இலவசமானதை எடுத்துக்கொள். 2009-இல் புதுவழி ஒன்று திறந்தது. இலவசமாய்க் கொடுத்த விளையாட்டின் உள்ளேயே பொருள்களை விற்கலாம் என்றாயிற்று. அன்றிலிருந்து வியாபாரத்தின் போக்கே மாறிவிட்டது. ஆட்டம் இலவசம்; ஆனால் ஐந்து உயிர் தீர்ந்தால் காத்திரு, அல்லது காசு கொடு. பெட்டி இலவசம்; ஆனால் அதனுள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது, திறக்கும் சாவிக்குக் காசு கொடு. நாள்தோறும் வந்தால் பரிசு. ஒரு நாள் தவறினால் நட்டம். விலை கொடுத்து வாங்கும் ஆட்டத்தை அமைப்பவன், "வாங்கியவன் மகிழ வேண்டும்" என்று எண்ணுகிறான். அவனுக்கு வரவேண்டியது முன்னரே வந்துவிட்டது. இலவச ஆட்டத்தை இவ்வழியில் அமைப்பவனோ, "ஆடுகிறவன் எந்த இடத்தில் பொறுமையிழந்து பணம் கொடுப்பான்?" என்று எண்ணியாக வேண்டியிருக்கிறது. அப்பொறுமையின்மையே அவனுக்கு வருமானம்.

இதன் விளைவை அமெரிக்கப் பெற்றோர் கண்கூடாய்க் கண்டனர். பிள்ளைகள் விளையாட்டினுள் பொருள் வாங்க, கணக்கு பெற்றோரின் பெயரில் ஏறிற்று. ஒரு முறை கடவுச்சொல்லைத் தட்டினால், அடுத்த 15 நிமிடங்களுக்கு மறுபடி கேளாமலே எத்தனையும் வாங்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அது பெற்றோர் பலருக்குத் தெரியாது. அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம் தலையிட்டதன் பேரில், 2014 ஜனவரியில், பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகள் செய்த செலவிற்காகக் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டாலர் திருப்பித்தர ஆப்பிள் நிறுவனம் உடன்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனம் குறைந்தது 1 கோடியே 90 இலட்சம் டாலர் திருப்பித்தர உடன்பட்டது. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், சில விளையாட்டுகளில் விற்கப்பட்ட மர்மப் பெட்டிகள் சூதாட்டமே என்று தீர்ப்புக் கூறிற்று. இலவசம் என்னும் சொல்லைக் கேட்டதும் நிம்மதி கொள்ளும் பெற்றோர் இவற்றை நினைவில் இருத்துவது நலம்.

விலையுள்ளதெல்லாம் குற்றமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. 'வேம்பயர் சர்வைவர்ஸ்' என்று மற்றொரு விளையாட்டு. பிரிட்டனில் பணிபுரிந்த லூக்கா கலாந்தே என்னும் இத்தாலியர் 2021 டிசம்பரில் இதனை வெளியிட்டார். அன்று அதன் விலை ஏறத்தாழ 3 டாலர். ஆயுதங்கள் தாமாகவே இயங்கும்; ஆடுகிறவன் நகர்ந்துகொண்டிருந்தால் போதும். நடைப்பிணங்களும் வௌவால்களும் எலும்புக்கூடுகளும் கூட்டங்கூட்டமாய் வரும். 30 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். மாபெரும் பொருட்செலவில் உருவான விளையாட்டுகளையெல்லாம் முந்தி, 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கிய சிறந்த விளையாட்டுக்கான விருதை இது பெற்றது. இதை ஆக்கியவர் முன்னர்ச் சூதாட்ட விளையாட்டுகளை அமைக்கும் தொழிலில் இருந்தவர். ஒளியும் ஓசையும் பரிசும் மனத்தை எப்படிப் பிடித்திழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். பெட்டி திறக்கும் ஒவ்வொரு முறையும் அத்தேர்ச்சி அங்கே பளிச்சிடுகிறது. ஆயின் அத்தேர்ச்சியைக் கொண்டு அவர் ஆடுவோரின் பையைத் தடவவில்லை. கைப்பேசிக்கு அதைக் கொண்டுசெல்ல நாடியபோது, ஆடுவோரைச் சுரண்டாத முறைக்கு இசையும் கூட்டாளி கிடைக்கவில்லை என்று அவர் குழுவினர் அறிவித்தனர். 2022 டிசம்பரில் தாங்களே அதை இலவசமாக வெளியிட்டனர். விளம்பரம் பார்ப்பதும் பாராததும் ஆடுகிறவனின் விருப்பம். ஆகவே, 'இலவசம்' என்ற பெயரிலும் நேர்மை இருக்கலாம். ஒன்றின் விலைச்சீட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், அது நம்மிடம் எதை, எத்தனை முறை கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

பணத்தைக் கேளாத விளையாட்டும் காலத்தைக் கேட்கும் என்பதையும் மறக்கலாகாது. "இன்னும் ஒரே ஒரு முறை" என்னும் எண்ணம் ரோக் வகையின் கவர்ச்சி. அதன் ஆபத்தும் அதுவே. நாமும் ஓர் இரவு உறங்கச் செல்ல வேண்டிய நேரத்தைக் கடந்து, நான்காவது பயணத்தைத் தொடங்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து 2019-இல் ஏற்றது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அளவை அடக்க இயலாமை, பிற கடமைகளைவிட ஆட்டத்தை முதன்மையாக்கல், கேடு கண்டும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். மகிழ்ந்து விளையாடும் எல்லாரும் நோயாளர் அல்லர்; இவ்வடையாளங்களைக் கண்டால் பெற்றோர் வாளாவிருத்தல் கூடாது.

வாரம் கழிந்து தந்தையும் மகனும் வந்தனர். நாம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். மர்மப் பெட்டி, தீர்ந்துபோகும் உயிர் என்று சொல்லிக்கொண்டு வருகையில் தந்தையின் முகம் மாறிற்று. சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "சாமி, நானும் ஒன்று ஆடுகிறேன். வண்ணக் கட்டங்களை அடுக்கும் இலவச விளையாட்டுதான். பேருந்துக்குக் காத்திருக்கும்போது தொடங்கினேன். உயிர் தீர்ந்தால் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று போட்டிருக்கிறேன். இந்த ஆண்டில் எவ்வளவு போயிற்று என்று கூட்டிப் பார்க்கப் பயமாயிருக்கிறது" என்றார். மகன் அவரை வியப்போடு பார்த்தான். ஆனால் நகைக்கவில்லை. "அப்பா, நான் கூட்டித் தருகிறேன்" என்று மெதுவாகச் சொன்னான். இருவரும் நம் மேசையருகே அமர்ந்து கணக்குப் பார்த்தனர். வந்த தொகை, மகன் கேட்டதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

அன்று அவர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். தந்தை தம் இலவச விளையாட்டை அழித்துவிடுவது. மகன் தான் விரும்பியதை ஒரு முறை விலை கொடுத்து வாங்குவது. இரவு ஒன்பது மணிக்கு மேல் இருவரின் கைப்பேசியும் தாயின் பொறுப்பில் இருப்பது. மூன்றாவது நிபந்தனையை விதித்தவர் வீட்டில் இருந்த தாயார் என்று பின்னர் அறிந்தோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு விளையாட்டைக் கேட்டால், உடனே தடுக்கவும் வேண்டாம். உடனே தரவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது ஒரு முறை கேட்கிறதா, ஓயாமல் கேட்கிறதா? தோற்றவனுக்கு இது யோசிக்கக் கற்றுத்தருகிறதா, பணப்பையைத் திறக்கக் கற்றுத்தருகிறதா? நிறுத்த நினைத்தால் நிறுத்த விடுகிறதா? முடிந்தால் ஒரு மாலைப்பொழுது பிள்ளையின் அருகில் அமர்ந்து ஆடிப் பாருங்கள். தோற்றுப்போவீர்கள், பரவாயில்லை. பிள்ளை உங்களுக்குக் கற்றுத்தரும் அரிய வாய்ப்பு அது.

பிறனொருவனின் ஏவலுக்குச் சித்தமின்றி அசையும் உடலையே ஹெய்ட்டி மக்கள் நடைப்பிணம் என்று அஞ்சினர். விரல் மட்டும் அசைய, விருப்பம் பிறர் கையில் இருக்குமானால், அந்நிலை திரையில் தோன்றும் உருவங்களுக்கு மட்டும் உரியதன்று. அதை நாம் நம் வீட்டிலும், முதலில் நம் கையிலும் கண்டுகொள்வோமாக!