மரங்கள் யார் பொறுப்பு?

2018 ஜூன் 24 அன்று தில்லி சரோஜினி நகரில் நூற்றுக்கணக்கான மக்கள் மரங்களைக் கட்டியணைத்து நின்றனர். சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துப் பன்மாடிக் கட்டிடங்கள் எழுப்பும் திட்டத்திற்காக ஏறத்தாழ 16,500 மரங்கள் வெட்டப்படவிருந்தன. நேதாஜி நகரிலும் நவ்ரோஜி நகரிலும் கோடரி ஏற்கெனவே தன் வேலையைத் தொடங்கியிருந்தது. மறுநாளே, தற்காலிகமாக மரங்களை வெட்டுவதில்லை என்று கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பின்னர் நீதிமன்றம் அதை நீட்டித்தது. வரைபடத்தை மாற்றி, வெட்டும் எண்ணிக்கையைக் குறைப்பதாக ஒன்றிய அரசும் இறங்கிவந்தது. மக்கள் வீதிக்கு வந்த பிறகே இது நிகழ்ந்தது.

அரசு ஊழியருக்கு வீடு வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் 25,667 வீடுகள் என்று 2016 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் ரூ.32,835 கோடி செலவை ஈடுகட்ட அரசு கண்ட வழி, பொது நிலத்தில் வணிக வளாகங்கள் கட்டி விற்பதாகும். நிலம் விற்பனைச் சரக்காகும்போது அதில் நிற்கும் மரம் இடையூறாகவே தெரியும்.

வெட்டும் ஒரு மரத்திற்குப் பத்துக் கன்றுகள் நடுவோம் என்பது அரசின் சமாதானம். பறவைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தில்லியின் சாம்பல் இருவாச்சி, முதிர்ந்த மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். பெண் பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை சிறு துளை வழியே இரையூட்டும். பச்சைக்கிளிக்கும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் பொந்து வேண்டும். கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். பெயர்த்து நடுவதும் தீர்வாகவில்லை. பெயர்த்து நடப்பட்ட மரங்களில் மூன்றில் ஒரு பங்கே பிழைத்தன என்று தில்லி அரசே 2022இல் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மரத்தடியில் துணி தேய்ப்பவரும் தேநீர் விற்பவரும் அங்கு குடியிருப்பவரும் எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்பதை அறிவார்கள். ஆனால் அவர்களைக் கேட்பதற்கு அமைப்பே இல்லை. புதுதில்லி நகராட்சி மன்றத்திற்கு வார்டுத் தேர்தல் கிடையாது. சரோஜினி நகர்வாசிக்குத் தட்டுவதற்கு ஒரு கவுன்சிலரின் கதவுகூட இல்லை.

மக்களை நம்பிய இடங்களில் பறவைகள் பிழைத்திருக்கின்றன. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியைச் சுற்றியுள்ள ஊர்மக்கள், கூடுகட்டியுள்ள பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. நாகாலாந்தின் பாங்டி கிராமத்தில் 2012இல் ஆயிரக்கணக்கான அமூர் வல்லூறுகள் வலைவைத்துக் கொல்லப்பட்டன. மறு ஆண்டே கிராமச் சபைகள் தாமாகத் தடை விதித்தன, கொலை நின்றது. காவலர் படையால் ஆகாததை ஊர்க்கட்டுப்பாடு செய்தது. வலை விரித்தவர்களுக்கு அது வருமானமாக இருந்தது. அதைக் கைவிட்டவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் தருவது அரசின் கடமை.

பங்கேற்பு என்ற சொல்லை அரசுகளும் விரும்புகின்றன. மரம் நடு விழாவில் மாணவர்களை வரிசையில் நிறுத்துவதும், திட்டம் முடிவான பின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதும் பங்கேற்பாகக் காட்டப்படுகின்றன. வனவிலங்குப் பாதுகாப்பின் பெயரால் காடுகளிலிருந்து பழங்குடியினரை வெளியேற்றிக்கொண்டே இதைச் சொல்வது போலித்தனம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையைக் கிராமசபைக்கு வழங்கியது. அதை முழுமையாகச் செயல்படுத்தாத அரசுக்கு மக்கள் பங்கேற்பைப் பேசத் தகுதியில்லை.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பன்மய மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. இக்குழுக்கள் காகிதத்தில் இருந்தால் போதாது. அவற்றில் குடியிருப்போர், தெருவோரத் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர் இடம்பெற வேண்டும். மரங்களையும் கூடுகளையும் பதிவுசெய்யும் பொறுப்பும், வெட்ட அனுமதி கோரும் விண்ணப்பத்தை ஒப்புதலுக்கு முன்பே ஆராய்ந்து மறுக்கும் அதிகாரமும் அவற்றுக்கு வேண்டும்.

சரோஜினி நகர் மக்கள் போராடிப் பெற்றது ஓர் இடைக்காலத் தடை. அடுத்த நகரில் கோடரி எழும்முன் மக்களுக்கு முடிவெடுக்கும் உரிமையைச் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். அதற்கான போராட்டத்தைத் தொழிற்சங்கங்களும் குடியிருப்போர் அமைப்புகளும் இணைந்து முன்னெடுக்க வேண்டும்.