சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில்

இடது காலுக்கு விடுதலை என்றுதான் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். காலோடு சேர்த்து அக்கறைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டோம்.

டயருக்குக் காற்றடிக்கிறோம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். கியர்பாக்ஸுக்கென்று தனி ஆயில் இருப்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் எல்லாமே அந்த ஆயில்தான். இன்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்துவதும், வால்வ் பாடி வழியாகப் போய் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் அதன் வேலை.

எங்கள் வீட்டு வண்டி, ‘டி’யில் போட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டு ‘டொக்’கென்று இடித்துக் கிளம்பியது. காலைக் குளிர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். இருப்பதோ சென்னையில்! ஒரு வருடம் அப்படியே ஓடியது. மெக்கானிக் கியர்பாக்ஸுக்கு அடியிலிருந்த ஆயில் பானைக் கழற்றியபோது, மாதுளைச் சாறு போல இருக்க வேண்டியது டிகாக்‌ஷன் நிறத்தில் வடிந்தது. கருகிய வாடை. பானுக்குள் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. அவ்வளவும் தேய்ந்த இரும்பு.

“எப்ப சார் மாத்துனீங்க?”

“லைஃப்டைம் ஆயில்னு சொன்னாங்களே.”

“வாரன்டிக்குள்ள வர்ற லைஃப்டைம் சார் அது.”

கிளட்ச் தட்டுகள் போய்விட்டிருந்தன. இனி ஆயிலை மாற்றியும் பயனில்லை என்றார்.

ஏஎம்டி வகை ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் நம் கதை வேறு. 2014-இல் ஏஎம்டியோடு செலேரியோ கார் வந்தபோது குறைந்த விலையில் ஆட்டோமேட்டிக் என்று கொண்டாடினோம். உள்ளே இருப்பது பழைய கியர்பாக்ஸும் கிளட்சும்தான். கிளட்சை மிதிக்க நம் காலுக்குப் பதில் ஓர் ஆக்சுவேட்டர். இது தெரியாமல் மேம்பாலச் சரிவில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினோம். கிளட்ச் தீய்ந்ததும், “ஏஎம்டியே மட்டம்” என்று ஊரெல்லாம் சொன்னோம். பெல்ட்டில் ஓடும் சிவிடி வகையிலோ, கிடைத்த கியர் ஆயிலை ஊற்றி அந்த பெல்ட்டை வழுக்கவிட்டோம்.

சரிவில் ஹேண்ட் பிரேக் போடாமல் ‘பி’யில் மட்டும் விட்டதில், காரின் மொத்த பாரமும் விரலளவு இரும்புக் கொக்கியில் தொங்கியது. வண்டி நிற்கும் முன்பே ‘ஆர்’ போட்டதற்குக் கணக்கில்லை.

டாஷ்போர்டு பெட்டியில் வண்டியின் கையேடு பாலிதீன் உறை பிரிக்காமலே கிடக்கும். இன்றைக்கே அதை எடுத்து, கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று பார்த்துவிடுங்கள்.