கொடியைக் குத்திக் கொண்டால் போதுமா?



டிசம்பர் 7-ம் தேதி கொடிநாள். அன்று உங்கள் வகுப்பில் என்ன நடக்கும்? ஆசிரியர் ஒரு கட்டுக் கொடிகளோடு வருவார். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறம் கொண்ட சின்னஞ்சிறு கொடிகள். காசைக் கொடுப்பீர்கள், கொடியை வாங்கிச் சட்டையில் குத்திக் கொள்வீர்கள். மாலையில் அது எங்கே இருக்கும்? பாதிக் கொடிகள் விளையாட்டு மைதானத்தில் மிதிபட்டுக் கிடக்கும்!

உங்களைக் குறை சொல்லவில்லை. ஆசிரியராக இருந்த நானே பல காலம் அப்படித்தான் இருந்தேன். 'எந்த வகுப்பில் வசூல் அதிகம்?' என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

1990-களின் தொடக்கத்தில் ஒரு கொடிநாள். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், இந்தக் காசு யாருக்குப் போகும்?" என்று கேட்டாள்.

"ராணுவத்துக்கு" என்றேன்.

"துப்பாக்கி வாங்கவா சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "உட்கார், உட்கார்" என்று அதட்டி விட்டேன்.

அன்று மாலை வங்கிக்குப் போனேன். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர், என் சட்டையில் இருந்த கொடியைப் பார்த்துச் சிரித்தார். "நானும் பட்டாளத்துல இருந்தவன்தான் சார். 71 சண்டைக்குப் போயிருக்கேன்" என்றார். எத்தனையோ ஆண்டுகளாக அந்த வாசலைக் கடந்து போகிறேன். ஒரு நாள்கூட அவருக்கு வணக்கம் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த மாணவியின் கேள்வியை அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. ஆயுதம் வாங்க அரசு தனியாகப் பணம் ஒதுக்குகிறது. கொடிநாள் நிதி மனிதர்களுக்கு! போரில் உயிர் நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கும், கை கால் இழந்தவர்களுக்கும், ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கும் அது உதவுகிறது. 1949-ம் ஆண்டிலிருந்து இந்த நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. கொடியின் மூன்று நிறங்களும் தரைப்படை, கடற்படை, விமானப்படையைக் குறிக்கின்றன.

'ஓய்வு பெற்றவர்களுக்கு ஏன் உதவி?' என்று நினைக்கலாம். படையில் எப்போதும் இளைஞர்கள் இருக்க வேண்டும். அதனால் சிப்பாய்கள் பலர் நாற்பது வயதையொட்டியே ஓய்வு பெற்று விடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் படித்துக் கொண்டிருக்கும் வயது அது. எனவே, வேறு வேலை தேட வேண்டியிருக்கிறது. வங்கி வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் நிற்கும் காவலர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

கிளம்பும்போது அந்தக் காவலர் இன்னொன்றும் சொன்னார். "என்கூட இருந்த சிநேகிதன் ஒருத்தன் திரும்பி வரலை சார். டிசம்பர் வந்தா அவன் முகம்தான் ஞாபகம் வரும். அவன் பேரைக் கேக்கத்தான் ஆளில்லை."

அந்தச் சொல்தான் இன்றுவரை என் மனதில் நிற்கிறது. பெயரைக் கேட்க ஆளில்லை!

பெயரைக் காப்பதில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். ஊரைக் காக்கச் சண்டையிட்டு இறந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். அதில் அவன் பெயரைப் பொறித்தார்கள். நடுகல் எப்படி நட வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. திருடர்களோடு போராடி இறந்த வீரனோடு, திருடர்களைக் கடித்த அவனுடைய நாயின் பெயரும் அதில் இருக்கிறது. 'கோவிவன்' என்பது அந்த நாயின் பெயர். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகியும் அது அழியவில்லை!

டில்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசிய போர் நினைவுச் சின்னத்திலும் இதே வழக்கம்தான். சுதந்திரத்துக்குப் பின் உயிர் நீத்த வீரர்களின் பெயர்களைக் கருங்கற்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். சிலரை நமக்கு நன்றாகத் தெரியும். 1999 கார்கில் போரில் உயிர் நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. 2014-ல் காஷ்மீரில் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனை, 2024-ல் வந்த 'அமரன்' திரைப்படத்தால் நீங்கள் அறிவீர்கள். ஆனால், கார்கிலில் மட்டும் 527 வீரர்கள் உயிரிழந்தார்கள். மற்றவர்களின் பெயரை யார் சொல்வது? நீங்களும் நானும்தான் சொல்ல வேண்டும்.

வீரர்களை நினைப்பது என்றால் போரை விரும்புவது என்று அர்த்தமில்லை. பக்கத்து நாட்டுப் பிள்ளைகளை வெறுப்பதும் இல்லை. போர் என்பது கம்ப்யூட்டர் விளையாட்டு அல்ல. அதில் செத்தவர்கள் மறுபடி எழுந்து வர மாட்டார்கள். அந்தக் காவலர் தான் எத்தனை பேரைச் சுட்டேன் என்று பெருமை பேசவில்லை. இழந்த நண்பனைப் பற்றித்தான் பேசினார்.

எனவே செல்வங்களே, இந்தக் கொடிநாளில் காசோடு நின்று விடாதீர்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் முன்னாள் படைவீரர் யார் என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அவரைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவர் பேச விரும்பினால், உடன் இருந்தவர்களின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்திலேயே உங்கள் கொடியையும் ஒட்டி வையுங்கள். கையில் காசு இல்லையா? கூச்சப்பட வேண்டாம். வணக்கம் சொல்லக் காசு எதற்கு?

மறுநாள் வகுப்புக்குப் போனதும், அந்த மாணவியை எழுப்பி எல்லோர் முன்னாலும் பதில் சொன்னேன். "அதட்டியது என் தவறு அம்மா" என்றும் சொன்னேன். அந்த ஆண்டு எங்கள் மைதானத்தில் ஒரு கொடிகூட மிதிபடவில்லை.

உங்கள் பள்ளியிலும் அப்படி இருக்கும்தானே?