கடிக்கிற ஷூவும் போன பணமும்

போன டிசம்பரில் நண்பர்களோடு ஹம்பி போனேன். முதல் நாள்தான் வாங்கிய புது ஷூ. விரூபாட்சர் கோயிலிலிருந்து விட்டலர் கோயிலுக்கு ஆற்றோரமாக இரண்டு கிலோமீட்டர்தான். பாதி வழியிலேயே குதிகால் கொப்பளித்துவிட்டது. எல்லோரும் கல் தேரைப் பார்த்தார்கள். நான் பாறையில் உட்கார்ந்து என் காலைப் பார்த்தேன்.

1800 ரூபாய் கொடுத்தோமே என்றுதான் கழற்றாமல் நடந்தேன். போன பணத்தை வைத்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்!

ஆகவே மக்களே, ஷூவை மாலையில் வாங்குங்கள். நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு வாரம் காலேஜுக்குப் போட்டுப் பழக்குங்கள். அப்புறமும் கடித்தால், விலையை மறந்துவிட்டுப் பழைய செருப்போடு கிளம்புங்கள்.