தொட்டிக்கு மிஞ்சிய மீன்

விலை, ஓட்டலில் ஒரு டிபன் சாப்பிடுகிற அளவுதான். நீளம் இரண்டு அங்குலம். மண் நிறம், உடம்பெல்லாம் புள்ளி. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி அசையாமல் கிடக்கும். கடையில் இதற்குப் பெயர் ‘டேங்க் கிளீனர்’. பாசியைத் தின்றுவிடும், தொட்டி கழுவுகிற வேலை மிச்சம் என்பது விற்பனை வாசகம். சித்தூரிலோ திருப்பதியிலோ கலர் மீன் கடைக்குப் போய்க் குழந்தைக்கு நாலு கோல்ட் ஃபிஷ் கேளுங்கள். ஐந்தாவதாக இதையும் பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பாண்ட் சுற்றித் தந்துவிடுவார்கள்.

அந்த இரண்டு அங்குலம் ஒன்றரை அடி ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ நதிப் பிரதேசங்களைச் சேர்ந்த மீன் இது. முதுகுத் துடுப்பு பாய்மரம் போல விரிவதால் ‘செயில்ஃபின் கேட்ஃபிஷ்’ என்று ஆங்கிலப் பெயர். ஆந்திராவில் வலையில் இதைப் பார்க்க நேர்ந்தவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தெய்யம் சேப்ப’. அதாவது, பேய் மீன். (பெயர் வைப்பதில் மீன் பிடிப்பவர்கள் மீன் விற்பவர்களைவிட நேர்மையானவர்கள்.) ஒன்றிரண்டு வருஷத்தில் அது தொட்டியில் திரும்ப முடியாத அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. இதில் வேடிக்கை, வளர்ந்த பிறகு அது கிளீனரே அல்ல. பாசியில் நாட்டம் குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீனியைத் தின்று, தொட்டியிலேயே அதிக அழுக்கை உண்டாக்குவது அதுதான்.

வீட்டில் அடுத்து நடப்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. வைத்துக்கொள்ள இடமில்லை. கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார். கொல்ல மனம் வராது. அதுவும் திருப்பதி மாதிரி க்ஷேத்திரத்தில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஆகவே ஒரு பக்கெட்டில் போட்டு மூடி, ஊருக்கு வெளியே ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு வீடு திரும்புகிறார்கள். கோயில் குளத்துக்குப் பொரி போடப் போகும் அதே மனசுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சங்கடமே அங்கேதான்.

இந்தப் புண்ணியம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. ஹைதராபாதில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் நீர்நிலைகளில் இந்த மீனைத் தேடினார்கள். வலை வீசி அல்ல. தண்ணீரை மொண்டு வந்து, மீனின் உடம்பிலிருந்து உதிர்ந்து அதில் கலந்திருக்கும் மரபணுத் தடயத்தைப் பரிசோதித்தார்கள். 2023-ல் வெளிவந்த முடிவு, ஆராய்ந்த நீர்நிலைகளில் சுமார் 60 சதவீதத்தில் மீன் இருக்கிறது என்றது. சித்தூரும் திருப்பதியும் அதே மலைத்தொடரின் மடியில் இருக்கும் ஊர்கள். திருமலை நிற்கும் சேஷாசலம் அதன் ஒரு கிளைதான்.

ஒரு மீன் கூடுதலாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? முதலில், இதைத் தின்ன ஆளில்லை. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். கொக்குக்கும் விரால் மீனுக்கும் இது சரிப்படாது. நம் சமையலறைக்கும் சரிப்படவில்லை. வலையில் சிக்கினால் வலைதான் கிழிகிறது. தண்ணீர் கெட்டுப்போனாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்கிறது. மெக்ஸிகோவில் இன்ஃபியர்னில்லோ என்றொரு பெரிய நீர்த்தேக்கம் உண்டு. ஜிலேபி மீனுக்குப் பேர் போன இடம். அங்கே இது புகுந்த பிறகு மீனவர்கள் வலையில் நிறைவது பெரும்பாலும் இதுதான் என்றாகி, பலருடைய பிழைப்பே போயிற்று.

சித்தூர்க்காரர்கள் கவலைப்பட வேண்டிய இன்னொரு குணமும் இதற்கு உண்டு. முட்டையிடுவதற்காக இது கரை மண்ணைக் குடைந்து நீளமாகப் பொந்து போடும். ஆண் மீன் அதற்குள் காவல் இருக்கும். ஃப்ளோரிடாவில் இந்தப் பொந்துகளால் ஏரி, கால்வாய்க் கரைகள் சரிந்திருக்கின்றன. ராயலசீமையின் இந்தத் தென்கோடி ஏரியை நம்பிப் பிழைக்கிற பூமி. ஆற்றில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் சில வாரங்கள். மிச்ச நாட்களுக்கு மன்னர்கள் காலத்து ஏரிகள்தான். எல்லாம் மண் கரை. 2021 நவம்பரில் திருப்பதியை மழை புரட்டிப்போட்டபோது ராயலசெருவின் கரையில் கசிவு ஏற்பட்டு, சுற்றுவட்டக் கிராமங்களைக் காலி செய்ய வைத்தது நினைவிருக்கலாம். அதற்குக் காரணம் மழைதான். மீன் மேல் பழி போட வேண்டாம். ஆனால், கரை எவ்வளவு மெல்லிய விஷயம் என்று அந்த இரண்டு மூன்று ராத்திரிகளில் எல்லோருக்கும் தெரிந்தது.

சென்னையிலோ வேலூரிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் ‘ஆந்திரா சமாசாரம்’ என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். சித்தூர் வழியாக வரும் நீவா நதி, எல்லை தாண்டினால் நம்முடைய பொன்னை ஆறு. பாலாற்றில் சேருகிறது. நகரி ஆறு கொசஸ்தலையில் கலந்து பூண்டிக்கு வருகிறது. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் பூண்டிதான். பள்ளிகொண்ட சிவனைப் பார்க்கச் சுருட்டப்பள்ளி போகிறவர்கள் பார்க்கும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிறது. 1911-ல் சித்தூர் ஜில்லாவை உருவாக்கியவர்களும், பிறகு மாநில எல்லைக் கோடு கிழித்தவர்களும், 2022-ல் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியவர்களும் மீன்களைக் கலந்தாலோசிக்கவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்த ஏரி. அது நிரம்பினால் ஆறு. அவ்வளவுதான் மீனுக்குத் தெரிந்த பூகோளம்.

வெள்ளம் வந்தால் யாரும் பக்கெட்டில் எடுத்துப் போய் விடவேண்டியதுகூட இல்லை. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அங்குள்ள ஆறுகளில் அரபைமா பிடிபட்டது. அமேசானைச் சேர்ந்த, ஆளைவிடப் பெரிதாக வளரும் மீன். யாரோ ஆசையாகத் தொட்டியிலும் குளத்திலும் வளர்த்தவை கரை தாண்டிப் போயின. 2023-ல் போபால் ஏரியிலும் ஸ்ரீநகரின் தால் ஏரியிலும், முதலை வாய் கொண்ட ‘அலிகேட்டர் கார்’ சிக்கியது. அமெரிக்க மீனுக்கு தால் ஏரிக்கு வழி தெரிந்திருக்க நியாயமில்லை.

தெரிந்தே செய்த காரியமும் ஒன்று உண்டு. 1952-ல் ஆப்பிரிக்க ஜிலேபி மீனை இங்கே கொண்டுவந்தது எந்தக் குழந்தையும் அல்ல, மீன்வளத்தைப் பெருக்க நினைத்த பெரியவர்கள். அது நம் ஏரி, அணைகளில் எப்படிப் பெருகியது, நாட்டுக் கெண்டைகளை எப்படி ஓரம் கட்டியது என்பதைக் கிராமத்தில் தூண்டில் போட்டவர்கள் சொல்வார்கள். ஜிலேபியையாவது குழம்பு வைக்கலாம்.

டேங்க் கிளீனர் ஓர் உதாரணம்தான். கடையில் ‘ஷார்க்’ என்று சொல்லி விற்கும் வெள்ளி நிற மீன், சுறாவுக்குச் சொந்தம் அல்ல. கோதாவரி மாவட்டங்களில் பண்ணைக் குட்டைகளில் வளர்த்து லாரி லாரியாக அனுப்புகிறார்களே, அந்தப் பங்காசியஸ் கெளுத்தி. குட்டையில் ஒரு வருஷத்துக்குள் ஒரு கிலோவைத் தாண்டும். விட்டால் மூன்றடிக்கு மேல் போகும். ‘ரெட் பிரானா’ என்று பையன்களை மயக்குவதும் பெரும்பாலும் பிரானா அல்ல. மீன் மார்க்கெட்டில் ‘ரூப்சந்த்’ என்று எடைபோட்டு விற்கும் பாக்கு மீனின் குஞ்சுதான். ஆஸ்கர் ஓர் அடி. பெரிய இடத்து வீடுகளில் வாஸ்துவுக்காக வாங்கி வைக்கும் அரோவானா இரண்டு மூன்று அடி. பாவம் என்று நாம் நினைக்கும் கோல்ட் ஃபிஷ்கூட, சரியாகப் பராமரித்தால் முக்கால் அடி வளர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு இரண்டு மாதத்தில் கொல்வதால்தான் நமக்கு அந்த விவரம் தெரிவதில்லை.

‘தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்’ என்று ஒரு வாசகம் எல்லாக் கடைகளிலும் புழங்குகிறது. பாதி உண்மை, அதனால் முழுப் பொய்யைவிட மோசம். சின்னத் தொட்டியில் மீனின் வளர்ச்சி குன்றுவது நிஜம். ஆனால் அது மீன் செய்துகொள்ளும் சமரசம் அல்ல, வியாதி. தன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவிலேயே அது ஊறிக் கிடக்கிறது. நீந்த இடமில்லாமல் முதுகெலும்பு வளைகிறது. ஆயுளில் பாதிக்கு முன்பே போய்விடுகிறது. இரண்டடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினாலும் 57 லிட்டருக்குள்தான் தண்ணீர். ஒரு ஆஸ்கருக்கே அதைப் போல நாலைந்து மடங்கு வேண்டும்.

கடைக்காரரை வில்லனாக்குவது சுலபம். அவர் பக்கமும் பார்க்க வேண்டும். கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தைகளில் ஆக்ஸிஜன் அடைத்த பைகளாகத் தெர்மோகோல் பெட்டியில் வாங்கி வருகிறவர், வழியிலேயே செத்தது போக மிச்சத்தில் லாபம் பார்க்க வேண்டும். ஓர் அடி ஆஸ்கரைத் திருப்பி வாங்கினால் அதற்கு ஒரு தொட்டி, தினமும் தீனி, விற்கிற வரை கரண்ட். வாங்க ஆள் வருவதோ அபூர்வம். ‘இது ஒன்றரை அடி வளரும்’ என்று உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். ஒருவர் மட்டும் யோக்கியமாக இருந்து நஷ்டப்படுவது எந்த வியாபாரத்திலும் நடக்காது. எல்லோரும் சொல்லியாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தால்தான் நடக்கும்.

விதி இல்லாமல் இல்லை, வந்து போயிற்று. 2017 மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் வெளியிட்டது. நடைமுறைக்கு ஒவ்வாத பலதும் சேர்ந்த நீளமான பட்டியல் அது. வண்ண மீன் வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். பிறகு அரசே வாபஸ் வாங்கிக்கொண்டது. வனவிலங்குச் சட்டத்தில் 2022-ல் செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், நம் மண்ணுக்கு ஊறு செய்யும் அந்நிய உயிரினங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்திருக்கிறது. அதிகாரம் டெல்லியில்; பாலிதீன் பை சித்தூரில். வங்கதேசம் இந்த டேங்க் கிளீனரை 2023-ல் பெயர் சொல்லித் தடை செய்தது.

எனக்குத் தோன்றுவது, முதல் படிக்கு அவ்வளவு பெரிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு தொட்டியின் மேலும் விலைச் சீட்டு ஒட்டுகிறார்கள் அல்லவா, அதிலேயே இன்னொரு வரி: முழு வளர்ச்சி இத்தனை அங்குலம். தெலுங்கிலும், எல்லை ஊர்களில் தமிழிலும். மாவட்ட மீன்வளத் துறை நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை. ஃப்ளோரிடாவில் வளர்க்க முடியாத பிராணிகளைக் கேள்வி கேட்காமல், அபராதம் போடாமல் வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இங்கே கடைக்காரர் சங்கங்கள் ஒரு பெரிய சிமென்ட் தொட்டியைக் கட்டி, அதையே செய்யலாம். வடிகால் ஏரிக்குப் போகாத இடமாகப் பார்த்துக் கட்டவேண்டும்.

அது வரும் வரை? வாங்கும்போதே ‘எவ்வளவு பெரிசாகும், பெரிசானால் திருப்பி எடுத்துப்பீங்களா’ என்று கேளுங்கள். பதிலுக்குக் கடைக்காரர் சிரித்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வளர்ந்து நிற்பவர்கள் பெரிய தொட்டி வைத்திருப்பவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். யாரும் கிடைக்கவில்லையென்றால், கசப்பான விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: அந்த ஒரு மீனை வலியில்லாமல் முடித்துவிடுவது, ஏரியில் விடுவதைவிடச் சின்னப் பாவம். மீன் வளர்ப்பவர்கள் கிராம்புத் தைலத்தைத் தண்ணீரில் கலந்து மயக்கிச் செய்கிறார்கள். அளவு தெரியாதவர்கள் கால்நடை டாக்டரைக் கேட்பது நல்லது. ஏரியில் விட்ட ஒன்று அங்கே ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு கொல்ல வேண்டியது ஆயிரக்கணக்கில். அதைச் செய்து முடித்த தேசம் எதுவும் இல்லை.

இரண்டடித் தொட்டிக்கு மீனே இல்லையா என்று குழந்தை கேட்டால், கப்பி இருக்கிறது, பிளாட்டி இருக்கிறது, நம் தேசத்து ஓடைகளிலேயே பிறந்த வரிக்கோடு போட்ட ஸீப்ரா டானியோ இருக்கிறது. எல்லாம் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிடும். கப்பி மாதாமாதம் குட்டி போடும், அதையும் சாக்கடையில் கொட்டக்கூடாது. பாசிக்கு, தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வைத்தால் பாதி குறையும். மீதியை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஸ்பாஞ்சால் தேய்த்து, கால்வாசித் தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட்டு, குளோரின் போக முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரை விடவேண்டும். இருபது நிமிஷ வேலை.